கூதிர்காலமும் ஒரு கூடைப் பூண்டும்

கொடைக்கானலில் தமிழ் முதுகலை படிக்கிறேன் என்று சொன்னால், சமவெளியில் இருக்கும் உறவினர்கள் அனைவரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: "உனக்கென்னம்மா, குளுகுளுன்னு மரத்தடியில உட்கார்ந்து படிக்கலாம்." சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், நவம்பர் மாதத்தில், மரத்தடியில் உட்கார்ந்து பார்த்த எவரும் அப்படிப் பேச மாட்டார்கள். ஊரெங்கும் மழை நின்ற பிறகும் தனக்குக் கீழே மட்டும் பெய்துகொண்டிருப்பதுதான் எங்கள் மலையில் மரத்தின் குணம். மழையே இல்லாத நாளில்கூட மேகமூட்டம் இலைகளில் படிந்து, சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து, சரியாகத் தேர்வுக்கு வேண்டிய பக்கத்தில் விழும்.

குறிஞ்சித் திணைக்குரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது நள்ளிரவாகிய யாமம் என்று இலக்கணம் வகுத்திருக்கிறது. ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்ததே கூதிர். தலைவனும் தலைவியும் கூடுவதற்கென்று முன்னோர் ஒதுக்கி வைத்த அந்தப் பருவத்தைத்தான் பருவத் தேர்வுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். யாமத்தை நாங்களாகவே படிப்புக்கு எடுத்துக்கொண்டோம். ஆக, இங்கே படிக்க இடம் தேடுவது என்றால் அமைதியான இடத்தைத் தேடுவதன்று. அமைதிக்கு மலையில் பஞ்சமே இல்லை. விரல் மரத்துப் போகாமல் பேனா பிடிக்கக்கூடிய இடம் எது என்பதே கேள்வி.

நூலகத்தின் கிழக்குச் சன்னலோரம் அப்படி ஒரு மேசை உண்டு. வானம் வெளுத்திருந்தால் காலை முழுவதும் அதன்மீது வெயில் விழும். அந்த மேசையைப் பிடிக்க முந்தைய நாள் மாலையே சால்வை, சாப்பாட்டு டப்பா, ஒருமுறை ஒற்றைச் செருப்பு என்று பலவும் வைக்கப்பட்டதுண்டு. வெயில் நகர நகர நாற்காலிகளும் நகரும். நண்பகலில் பார்த்தால் வாசகர் கூட்டம் முழுவதும் அகராதி அடுக்கின் காலடியில் குவிந்திருக்கும், எவருக்கும் அகராதி தேவைப்படாத நிலையிலும். சூரியனைப் பின்தொடர்வது இந்த மலைக்குப் புதிதன்று. 1899-இல் நிறுவப்பட்ட வானாய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படம்பிடித்துச் சேர்த்து வருகிறார்கள். சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் நடுவிலிருந்து வெளிப்புறமாக நகர்வதை வானியலாளர் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்ததும் இங்கேதான். சூரியன் தெளிவாகத் தெரியும் இடம் என்றுதான் இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார்களாம். தேர்ந்தெடுக்க வந்தவர்கள் ஐப்பசியில் வந்திருக்க மாட்டார்கள் என்பது என் துணிபு.

அப்படியே வெயில் கிடைத்தாலும் அதில் ஒரு வஞ்சகம் உண்டு. உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் வெயில் பட்ட முதுகு சுடும், மேசைக்கடியில் நிழலில் இருக்கும் பாதம் விறைக்கும். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட மூளை, எந்தப் பக்கம் சேர்வது என்று தெரியாமல் தூங்கிவிடும். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையின் அச்செழுத்துகள் கன்னத்தில் தலைகீழாகப் பதிந்த நிலையில் வகுப்புக்குப் போன தோழி ஒருத்தியை எனக்குத் தெரியும். வகுப்பிலேயே உரையோடு வந்திருந்தவள் அன்றைக்கு அவள் ஒருத்திதான்.

காலியான வகுப்பறைகளை உரக்க மனப்பாடம் செய்பவர்கள் பிடித்திருந்தார்கள். மாடிப்படியில் மட்டுமே செல்பேசிக்குச் சிக்னல் கிடைக்கும் என்பதால், அங்கே படிக்க உட்கார்ந்தால் பிறர் வீட்டுக் கதைகளில் நாம் முதல் வகுப்பில் தேறலாம். ஏரிக்கரைப் பக்கம் போய்ப் பாருங்கள் என்று சொல்பவர்களுக்கு, புத்தகத்தோடு பெஞ்சில் இருப்பவள் சுற்றுலாப் பயணிகளின் பார்வைக்குப் படமெடுத்துத் தரும் ஊழியராகவே தெரிவாள் என்பது தெரியாது.

மிஞ்சியது துறைக்குப் பின்னாலிருந்த கல் திண்ணை. மேற்கு பார்த்த சுவர். பிற்பகல் வெயிலைக் குடித்த கல் பொழுது சாய்ந்த பிறகும் இளஞ்சூடாக இருக்கும். இவ்வளவு நல்ல இடம் எப்படிக் காலியாக இருக்கிறது என்று நாங்கள் வியந்துகொண்டிருந்தபோதே, அதன் பழைய உரிமையாளர் சரிவிலிருந்து ஏறி வந்தார். முழு வளர்ச்சி பெற்ற காட்டுமாடு ஆயிரம் கிலோ வரைக்கும் எடையிருக்கும் என்பதைப் படித்திருக்கிறேன். பத்தடி தூரத்தில் அது மூச்சு விடும்போதுதான் அந்த எண்ணின் பொருள் விளங்குகிறது. ஓடாமல், கத்தாமல், படமெடுக்காமல் உள்ளே வந்து கதவைச் சாத்துமாறு காவலர் சைகை காட்டினார். வந்துவிட்டோம், குறிப்பேடு வரவில்லை. சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தோம். காட்டுமாடு திண்ணையை நெருங்கி, விரிந்து கிடந்த அணியிலக்கணக் குறிப்பை நிதானமாக மோந்து, ஒரு பெருமூச்சு விட்டுப் புல்லுக்கே திரும்பியது. அந்த மதிப்பீட்டில் எனக்கு முழு உடன்பாடு.

அடுப்படி அகப்பட்டது ஒரு மின்வெட்டினால். காற்றுக்குக் கிளை முறிந்து கம்பியில் விழுந்திருந்தது. வெந்நீர் வாங்கப் பிளாஸ்க்கோடு விடுதி மெஸ்ஸின் பின்கட்டுக்குப் போனால், அண்டாவுக்கு அடியில் விறகு கனன்றுகொண்டிருக்கிறது, அதன் எதிரே மணை ஒன்று கேட்பாரற்றுக் கிடக்கிறது. வெளிச்சம், வெப்பம், இருக்கை மூன்றும் ஒரே இடத்தில்! "இங்கயே உட்கார்ந்து படிக்கட்டுமாக்கா?" என்றேன். சமையல்கார அக்கா மன்னவனூர்க்காரர். எதையும் சும்மா கொடுக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. ஒரு கூடை பூண்டை என் முன்னால் நகர்த்தி வைத்தார். வெந்நீரில் சற்று ஊறப்போட்டால் தோல் கழன்று வரும் என்பதையும், அகலமான புத்தகத்தை முழங்காலில் சாய்த்துவைத்தால் கை இரண்டும் உரிக்க ஓய்வாக இருக்கும் என்பதையும் அவரே கற்றுக்கொடுத்தார். இந்த மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்று என் பொது அறிவைக் காட்டினேன். "அதுக்கு முன்னாடியும் இதே பூண்டுதான் தாயி" என்றார்.

அவருக்காக உரக்கப் படிக்க வேண்டும் என்பது இரண்டாவது நிபந்தனை. அறத்தொடு நிற்றல் வந்தது. தலைவி தன் காதலைத் தோழிக்குச் சொல்வாள், தோழி வளர்த்தவளான செவிலிக்கு, செவிலி பெற்றவளான நற்றாய்க்கு, நற்றாய் தந்தைக்கும் தமையனுக்கும் என்று நான் விளக்கிக்கொண்டே போக, அக்கா கரண்டியை நிறுத்தினார். "ஏன், அந்தப் புள்ள அவுக ஆத்தாகிட்ட நேராச் சொன்னா என்னவாம்?" வகுப்பில் எவரும் கேட்காத கேள்வி. அதற்கு விடை தேட நான் இரண்டு உரைகளைப் புரட்ட வேண்டியிருந்தது. தேர்வில் அந்தப் பகுதியை எழுதும்போது வரிசை பிசகவே இல்லை. நூலகத்துக்குத் திருப்பிக் கொடுத்த புத்தகத்தைத் திறந்ததும் ரசம் தாளித்த வீட்டுக்குள் நுழைந்தது போலிருந்தது என்று நூலகர் முகம் சுளித்தது மட்டுமே நட்டம்.

அந்த வாசனைதான் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். இப்போது பின்கட்டில் இடம் கிடைப்பது அரிதாகிவிட்டதால் அக்கா கட்டணம் நிர்ணயித்திருக்கிறார். அடுப்புக்கு எதிரே உள்ள மணைக்குப் பூண்டு. சுவரோரத்துக்குச் சின்ன வெங்காயம். குளிர்காற்று அடிக்கும் வாசற்படிக்குக் கறிவேப்பிலை உருவினால் போதும். கணிதத் துறை மாணவிகள் கூடைக்குப் பதிலாக எண்ணிக்கையில் தருமாறு பேரம் பேசி வருகிறார்கள். ஆய்வு மாணவி ஒருவர் மட்டும் பேரமில்லாமல் வெங்காயத்தை ஏற்றுக்கொண்டு, நெறியாளர் திருப்பியனுப்பிய மூன்றாம் இயலை மடியில் விரித்துத் திருத்திக்கொண்டிருக்கிறார். கண்ணீர் எதனால் வருகிறது என்று நாங்கள் யாரும் அவரைக் கேட்பதில்லை.