ப்ரைம் பண்ணியாச்சு ஐயா

"ப்ரைம் பண்ணியாச்சு ஐயா, இனிமே மாத்த முடியாது."

நான் சொன்னது இவ்வளவுதான். போன பங்குனியில சொன்னது, இன்னும் மனசுல கெடந்து உறுத்துது.

நான் டயாலிசிஸ் வார்டுல மிஷின் பாக்குறவன், அவர் அங்க ரத்தம் சுத்தம் பண்ணிக்க வர்ற பெரியவர். அவர் ஒண்ணும் பெருசா கேக்கல. அவர் பெட்டுக்கு ஜன்னல் தலைமாட்டுப் பக்கம், படுத்தா எதிர் செவுருதான் தெரியும். எதுத்தாப்ல 5ஆம் பெட்ல படுத்தா நேரா வெளிய நிக்கிற புங்கமரம் தெரியும். "தம்பி, மரம் தளிர் விட்டிருக்கு, உள்ள வரும்போது பாத்தேன், இன்னைக்கு ஒரு நாள் அந்தப் பக்கம் போட்டு விடேன், நாலு மணி நேரம் அதைப் பாத்துக்கிட்டு கெடப்பேன்"னாரு. அதுக்கு முன்னாடி அவர் என்கிட்ட எதுவுமே கேட்டதில்ல, டிவி சவுண்டைக் குறைக்கச் சொல்லிக்கூட கேட்டதில்ல.

நான் மறுத்ததுக்குக் காரணம் இருக்கு. ரத்தத்தை வடிகட்டுற டயலைசர், ரத்தம் ஓடுற லைன் எல்லாம் மாட்டி, சலைன் ஓடவிட்டு உள்ள இருந்த காத்தையெல்லாம் வெளியேத்தி அவர் மிஷினை ரெடியா வச்சிட்டேன், அதைக் கழட்டி இன்னொண்ணுல மாட்டினா இருபது நிமிஷம் போயிடும், அடுத்த ஷிப்ட் ஆளுங்க வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காங்க. அவருக்கு ஃபிஸ்டுலா, அதாவது ஊசி குத்துறதுக்குன்னு ஆபரேஷன் பண்ணி ரத்தக்குழாயை இணைச்ச இடம், இடது கையில, 5ல மிஷின் வலது பக்கம் நிக்கும், லைன் நெஞ்சுக்குக் குறுக்க வந்து இழுபடும். நிமிஷத்துக்கு 300 மில்லி ரத்தம் ஓடுது, ஊசி நழுவினா மூணு நிமிஷத்துல கிட்டத்தட்ட ஒரு லிட்டர் போயிடும், போர்வைக்குள்ள நழுவினா கண்ணுக்கே தெரியாது. இதுல எதுவும் பொய் இல்ல.

ஆனா 5ஆம் பெட் அன்னைக்குக் காலி. அவரோட மிஷினையே அங்க தள்ளிட்டுப் போயி இடது பக்கமா நிறுத்தியிருக்கலாம், சக்கரம் இருக்கு, சுத்தத் தண்ணி வர்ற ஆர்.ஓ ட்யூபும் எட்டும். கழட்டவே வேண்டியதில்ல. எட்டும்னு எனக்கு அப்பவே தெரியும்.

"சரிப்பா, நீ உன் வேலையப் பாரு"ன்னாரு. இதை எத்தனை தடவ மனசுக்குள்ள ஓட்டிப் பாத்திருப்பேன்னு தெரியல. கோவமா சொன்னாரா? மொகத்துல கோவம் இல்ல. இல்ல நெசமாவே, நீ பாக்க வேண்டியதை நீ ஒழுங்கா பாருன்னு சொன்னாரா? சில நாள் அப்படித் தோணும், சில நாள் அது நானா சொல்லிக்கிற சமாதானம்னு தோணும்.

ஊசி போடுறதுக்கு முன்னாடி ஃபிஸ்டுலா மேல விரல் வச்சுப் பாப்போம் இல்லையா, மாவு மில்லு செவுத்துல கை வச்சா வருமே, அந்த மாதிரி ஒரு அதிர்வு. அன்னைக்கு விரலை வச்சிருந்தப்ப அவரா பேச ஆரம்பிச்சாரு. சாமி, பூவுக்குள்ளயும் நீதான் இருக்கன்னு பறிக்க மனசு வராம நின்ன தாயுமானவரு, இதே திருச்சியில அரண்மனை உத்தியோகம் பாத்தவருதாம்ப்பா, வேலை பாத்துக்கிட்டேதான் அதையும் பாத்திருக்காருன்னாரு. எனக்கு தாயுமானவருன்னா மலைக்கோட்டை சாமிதான், அந்தப் பேர்ல பாடுனவர் ஒருத்தர் இருந்தாருங்கறதே அன்னைக்குத்தான் தெரிஞ்சது. "கைய ஆட்டாதீங்க ஐயா"ன்னு மட்டும் சொன்னேன்.

அடுத்த வாரம் அவர் மகன் கோயம்புத்தூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு, அங்கயே டயாலிசிஸ் பாத்துக்கிறாங்களாம். நல்லாத்தான் இருக்காருன்னு கேள்விப்பட்டேன். அவரு நல்லா இருக்கும்போது எனக்கு ஏன் இது ஆறலன்னு தெரியல. புங்கந்தளிர் அப்படியே ரொம்ப நாள் நிக்காது, அதனாலயா இருக்கும். முதல்ல செம்பு கலர்ல துளிர்க்கும், அப்புறம் எண்ணெய் தடவுன மாதிரி இளம்பச்சை, கொஞ்ச நாள்ல சாதாரணப் பச்சையாயிடும். அவர் கேட்டது அந்தக் கொஞ்ச நாளைத்தான்.

அதுக்கப்புறம்தான் நான் அந்த மரத்தைப் பாக்க ஆரம்பிச்சேன். ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கு 120 லிட்டர் சுத்தத் தண்ணி ஓடுது, அதைச் சுத்தம் பண்ணும்போது மிச்சமாகுற உப்புத்தண்ணி பைப் வழியா அந்த மரத்தடிக்குத்தான் போகுது, புங்கை உப்பைத் தாங்கும். உள்ள படுத்திருக்கவங்க தண்ணி அளவாத்தான் குடிக்கணும், தாகம்னா நாக்கை நனைச்சுக்கிறாங்க, இவங்களுக்குத் தண்ணி சுத்தம் பண்ணி மிஞ்சினதைக் குடிச்சு அது தளிர் விடுது. இத்தனை வருஷம் அந்தப் பைப்பை மிதிச்சுத் தாண்டிப் போயிருக்கேன், ஒரு நாளும் தோணல. முதல் தடவ தோணினப்ப கொஞ்ச நேரம் அங்கயே நின்னுட்டேன், கோயில்ல நிக்கிற மாதிரிதான் இருந்துச்சு, வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

சித்திரையில பூத்து, காலையில மரத்தடி முழுக்கப் பொரி கொட்டி வச்ச மாதிரி கெடந்துச்சு. ஜன்னல்ல நின்னு அதைப் பாத்துக்கிட்டு இருந்தப்பதான் பின்னாடி ஒரு அம்மாவுக்கு பிபி இறங்கிருச்சு. கொட்டாவி விட்டுக்கிட்டே இருந்திருக்காங்க, நான் கவனிச்சிருக்கணும். சிஸ்டர்தான் மொதல்ல ஓடி வந்தாங்க, கால் பக்கத்தைத் தூக்கி, சலைன் விட்டு, சரியாயிடுச்சு. சரியாகாம போயிருந்தா? அன்னைக்கு ராத்திரி, அப்போ நான் அவர்கிட்ட மாட்டேன்னது சரிதான்னு தோணுச்சு. விடிஞ்சப்ப அப்படித் தோணல. அவர் மரத்தைப் பாக்கணும்னு கேட்டாரு, என்னைப் பாக்கச் சொல்லலியே, நான் ஊசியப் பாத்துக்கிட்டு இருந்திருக்கலாமே. ஊசியப் பாக்கறதும் ஒரு பாக்கறதுதான். விரலுக்கடியில அந்த அதிர்வு வரும்போது இப்பல்லாம் ஒரு செகண்டு கூடுதலா வச்சிருக்கேன். அதுக்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா என்னால சொல்ல முடியாது, ஆனா இருக்கு.

இந்தப் பங்குனியிலயும் தளிர் வந்துச்சு. 5ஆம் பெட்டுக்குப் புதுசா ஒரு அக்கா வந்திருக்காங்க. மிஷினை அவங்க கைக்குத் தோதா இந்தப் பக்கம் தள்ளி வச்சு, ட்யூபை இழுத்து மாட்டி, ஜன்னல் ஸ்கிரீனை முழுசா ஒதுக்கி விட்டேன்.

"வெயில் கண்ணு கூசுது தம்பி, மூடி விடுங்களேன்"னாங்க.

மூடி விட்டேன்.