முடிவு தள்ளிவைக்கப்பட்ட டிசம்பர்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு நவம்பர் 1-ஆம் தேதிக்குள் முன்கூட்டியே விண்ணப்பித்திருந்த என் மகளுக்கு டிசம்பர் நடுவில் வந்த பதில், ஏற்பும் இல்லை, மறுப்பும் இல்லை, முடிவு தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. நான் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதுவும் அவளுக்குச் சுமையாகவே இருந்திருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

இரண்டு நாள் கழித்தே அந்தக் கடிதத்தை நிதானமாகப் படித்தோம். விண்ணப்பம் பொதுச் சுற்றில் மீண்டும் பரிசீலிக்கப்படும். இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆகவேண்டும் என்ற 'எர்லி டிசிஷன்' கட்டுப்பாடும் இனி இல்லை. ஆகவே வேறு கல்லூரிகள் தரும் நிதியுதவியையும் ஒப்பிட்டுப் பார்த்து, மே 1-க்குள் அவளே தீர்மானிக்கலாம் என்பது எனக்குப் பெரிய நிம்மதியைத் தந்தது.

மற்ற கல்லூரிகள் பலவற்றுக்கு ஜனவரித் தொடக்கமே கடைசித் தேதி என்பதால், முதலில் அவற்றுக்கான விண்ணப்பக் கட்டுரைகளை முடித்தாள். அதன்பிறகே, முடிவைத் தள்ளிவைத்த பல்கலைக்கழகத்துக்குத் தன் ஆர்வம் தொடர்வதைத் தெரிவிக்கும் கடிதத்தை எழுத உட்கார்ந்தாள். (சில கல்லூரிகள் இத்தகைய கடிதங்களை ஏற்பதில்லை, முதலில் அதைச் சரிபார்க்க வேண்டும்.) முதல் வரைவு முழுவதும் மன்றாடலாக இருந்தது. அதைக் கிழித்துவிட்டு, நவம்பருக்குப் பின் செய்த ஆய்வகப் பணியையும் புதிய மதிப்பெண்களையும் மட்டும் ஒரே பக்கத்தில் எழுதினாள். அரையாண்டு மதிப்பெண் அறிக்கையைப் பள்ளி ஆலோசகர் அனுப்பிவைத்தார். மார்ச் இறுதிவரை இனிக் காத்திருக்க வேண்டும்.