கியூபாவில் மாதா பவனிக்கு அனுமதி வாங்கிய கதை

கியூபாவுக்குப் பணிக்குப் போகும் குருக்களுக்கும் கன்னியருக்கும் மத விசா என்று தனியாக உண்டு. சுற்றுலா விசாவில் போய் இறங்கி மறைக்கல்வி நடத்த முடியாது. அங்குள்ள ஆயர் நம்மைக் கேட்டு எழுதவேண்டும். அந்தக் கடிதம் கம்யூனிஸ்ட் கட்சி மத்தியக் குழுவின் மத விவகார அலுவலகத்துக்குப் போகும். அங்கே சரி என்றால்தான் டில்லி தூதரகத்தில் வேலை நகரும். அரசாங்க அமைச்சகம் இல்லை, கட்சி அலுவலகம். இது மனதில் பதிந்துவிட்டால் அந்த ஊரில் பாதி விஷயம் விளங்கிவிடும்.

ஹவானாவில் இருந்த எங்கள் கன்னியர் சபை மதர், “பி.எட். பட்டத்தை முன்னால் வைக்காதே, முதியோரைப் பார்த்துக்கொண்ட அனுபவத்தை எழுது” என்றார். பாதி ஆயுளைப் பள்ளிக்கூடத்தில் கழித்த எனக்கு இது உறுத்தியது. ஆனால் காரணம் இருந்தது. 1961இல் தனியார் பள்ளிகள் அத்தனையையும் காஸ்ட்ரோவின் புரட்சி அரசு எடுத்துக்கொண்டது. துறவற சபைகள் நடத்திய பள்ளிகளும் அதில் போயின. இன்றும் கல்வி அரசின் கையில். ஆனால் அந்தக் கொந்தளிப்பு நாட்களிலும், எல் ரின்கோன் தொழுநோய் மருத்துவமனையில் சகோதரிகள் வேலையை விடவில்லை, அவர்களை யாரும் போகச் சொல்லவும் இல்லை. “புண் கழுவுகிற கையை எந்த அரசும் தட்டிவிடாது” என்பார் மதர்.

பல மாதம் காத்திருந்து விசா வந்தது. கிழக்குப் பகுதியில் ஒரு சிற்றூரில், முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அங்கேதான் பவனி விவகாரத்தில் மாட்டிக்கொண்டேன்.

கியூபாவின் பாதுகாவலி எல் கோப்ரே மாதா. 1612 வாக்கில் நிப்பே விரிகுடாவில் படகில் போன மூன்று பேர் மாதாவின் சுரூபத்தை, அதாவது சிலையை, கடலில் கண்டெடுத்ததாகக் கதை. திருவிழா செப்டம்பர் 8. வேளாங்கண்ணிக்கும் அதே நாள்தானே! நம் பக்கம் காவி கட்டி நடப்பார்கள், அங்கே மஞ்சள் உடுத்தி சூரியகாந்திப் பூவோடு வருகிறார்கள். ஆப்பிரிக்க வழி வந்த நம்பிக்கையில் ஓசூன் என்ற தெய்வமும் அவளே. கோயிலுக்குள் எட்டிப் பார்க்காத ஆட்கள்கூட அன்றைக்கு வந்துவிடுவார்கள்.

கோயிலுக்குள் பூசை, நவநாள் எதற்கும் யாரையும் கேட்கவேண்டாம். சுரூபம் வாசற்படி தாண்டினால் அனுமதி வேண்டும். பங்குத்தந்தைக்கு உடம்புக்கு முடியாமல் இருந்ததால் கடிதத்தை எடுத்துக்கொண்டு அலைந்தது நான். எந்தத் தெரு வழியாகப் போகிறது, எத்தனை மணிக்குத் திரும்பும், ஒலிபெருக்கி உண்டா, வழியில் யார் பேசுவார், எதைப் பற்றிப் பேசுவார் என்று எல்லாம் உள்ளூர்க் கட்சி ஆபீசில் கேட்டார்கள். கடைசிக் கேள்விதான் அவர்களுக்கு முக்கியம் என்று பட்டது.

ஏன் இவ்வளவு பயம் என்று எங்கள் முதியோர் இல்லத்துத் தாத்தா ஒருவர் விளக்கினார். 1961 செப்டம்பரில் ஹவானாவில் இதே மாதாவின் பவனி அரசுக்கு எதிரான ஆர்ப்பாட்டமாக மாறி, துப்பாக்கிச் சூட்டில் ஓர் இளைஞர் செத்துப்போனார். சில நாட்களில் 130க்கும் மேற்பட்ட குருக்களையும் துறவிகளையும், துணை ஆயர் போஸா மஸ்விதாலையும் சேர்த்து, கோவதோங்கா என்ற கப்பலில் ஏற்றி ஸ்பெயினுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு வேலைக்கும் படிப்புக்கும் போடும் படிவங்களில் மத நம்பிக்கை உண்டா என்ற கேள்வி வந்தது. தாத்தா ‘இல்லை’ என்று எழுதி, ஜெபமாலையைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டாராம். பின்னாளில் கர்தினாலான ஹைமே ஒர்த்தேகாவே 60களில் கட்டாய உழைப்பு முகாமில் இருந்தவர்தான். 1969இல் கிறிஸ்துமஸ் விடுமுறையும் போயிற்று.

எல்லாம் இளகியது 90களில். நம்பிக்கையுள்ளவர்களும் கட்சியில் சேரலாம் என்று 1991 மாநாடு முடிவெடுத்தது. அடுத்த ஆண்டு அரசியல் சாசனம் நாத்திகத்தைக் கைவிட்டு மதச்சார்பின்மைக்கு வந்தது. 1998 ஜனவரியில் போப் இரண்டாம் ஜான் பால் வந்தார். அந்த வருகையை ஒட்டித்தான் கிறிஸ்துமஸ் விடுமுறை திரும்பியது.

இதையெல்லாம் கேட்ட பிறகு கடிதத்தைத் திருத்தி எழுதினேன். உரிமை, சாசனம் என்ற பேச்சை எடுத்துவிட்டு, கிழவிகள் நடக்கத் தோதான தெரு, வெயில் தாழ்ந்த நேரம் என்று எழுதினேன். உள்ளூர்க் கட்சி ஆபீசில் இருந்த பெண்மணி படித்துவிட்டு, “பிரதான சாலை வேண்டாம், பூங்காவைச் சுற்றி வாருங்கள். ஒலிபெருக்கி கோயில் வாசலில் மட்டும்” என்றார். பேரம் பேசி, பாடல் பாட கையில் பிடிக்கும் சின்ன ஒலிபெருக்கி ஒன்றுக்கு ஒப்புக்கொள்ள வைத்தேன். எழுத்தில் எதுவும் தரவில்லை. திருவிழாவுக்கு முந்தைய சாயங்காலம் தொலைபேசியில், “சரி, நடத்துங்கள்.” அவ்வளவுதான்.

நம் ஊரில் எல்லாரும் என்னிடம், “கம்யூனிஸ்ட்காரர்கள் கோயிலை நடத்த விடுகிறார்களா?” என்றே கேட்கிறார்கள். விடுகிறார்கள். ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டு வாங்கவேண்டும், போன வருஷம் கிடைத்தது இந்த வருஷத்துக்கு அத்தாட்சி ஆகாது. கேட்காமலே நடக்கிற வரை அதைச் சுதந்திரம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கொடுமை என்றும் சொல்ல மாட்டேன். பவனியன்று போக்குவரத்தை நிறுத்தி வழிவிட்டதும் அவர்கள் போலீஸ்தான்.

மறுவாரமே பங்குத்தந்தை அடுத்த கடிதத்தோடு என்னைக் கூப்பிட்டார். கோயில் கூரை ஒழுகுகிறது. பழுது பார்க்கவும் சிமெண்டு, கம்பி வாங்கவும் தனி அனுமதியாம்.