டப்பில் டைட்டானிக்: தடுப்புச் சுவர் சோதனை

டைட்டானிக் மாடல் என்றாலே புகைபோக்கி, ஜன்னல், கயிறு என்று அழகு வேலைதான். எனக்கு வேண்டியது அதன் வயிறு. மேல்தளங்களை விட்டுவிட்டு உடல்கூட்டை மட்டும் 1:400 அளவில் செய்தேன்.

269 மீட்டர் கப்பல் 67 செ.மீ. ஆகிவிடுகிறது. எடையை 400-ஆல் மூன்று முறை வகுக்க வேண்டும். சுமார் 53,000 டன், வெறும் 830 கிராம்! பிவிசி ஃபோம் ஷீட்டில் கூடு, மீதி எடைக்கு அடியில் சிலிகானில் பதித்த இரும்பு நட்டுகள். உள்ளே குறுக்காக 15 தடுப்புச் சுவர், 16 அறை. நடுச் சுவர்களின் உச்சி நிஜத்தில் நீர்மட்டத்துக்கு மேலே சுமார் 3 மீட்டர்தான். இங்கே 8 மி.மீ. கூட இல்லை.

அப்புறம் ஓட்டை. கப்பலைக் கட்டிய ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் நிறுவனத்தின் எட்வர்ட் வைல்டிங் 1912 விசாரணையில் சொன்ன கணக்குப்படி, மொத்த உடைப்பும் சுமார் 12 சதுர அடிதான். என் மாடலில் அது 7 சதுர மி.மீ. அதை முன்பக்கத்து ஐந்து அறைகளுக்கும் பிரித்து, ஆளுக்கு 1.3 மி.மீ. துளை போட்டேன். ஆறாவது அறையிலும் லேசான கிழிசல் இருந்தது, அதை விட்டுவிட்டேன். தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் கலப்பது அவசியம். இல்லாவிட்டால் இவ்வளவு சின்னத் துளையில் தண்ணீர் நுழைய அடம்பிடிக்கிறது.

முதலில் ஐந்தாவது துளையை டேப்பால் அடைத்துவிட்டு மிதக்க விட்டேன். மூக்கு தாழ்ந்தது, நின்றது. நான்கு அறை நிரம்பினாலும் மிதக்கும் என்று வடிவமைத்தவர்கள் சொன்னது பொய்யில்லை.

டேப்பை எடுத்ததும் கதை மாறியது. ஐந்தாவது அறை நிரம்ப நிரம்ப மூக்கு இறங்கி, தண்ணீர் சுவரின் உச்சியைத் தாண்டி ஆறாவதில் வழிந்தது. அதன் பிறகு துளைகளுக்கு வேலையே இல்லை, வழிந்தே நிரம்புகிறது. பக்கவாட்டுச் சாய்வு பெரிதாக இல்லை, சுவர்கள் எல்லாம் குறுக்காக இருப்பதால்தான் என்று நினைக்கிறேன். நீளவாக்கில் நிலக்கரி அறைகள் இருந்த லூசிடானியா 1915-இல் ஒருபக்கமாகச் சாய்ந்து 18 நிமிடத்தில் போய்விட்டது.

நிஜத்தில் 2 மணி 40 நிமிடம். இந்த அளவு மாடலில் நேரம் 400-இன் வர்க்கமூலப்படி இருபதில் ஒரு பங்காகும், அதாவது 8 நிமிடம். எனக்குப் பத்துக்கு மேல் ஆனது. துளைகள் சிறியவை, உராய்வு அதிகம். சரி, இந்த அளவு பொருந்தியதே பெரிது.

அடுத்து ஒலிம்பிக். விபத்துக்குப் பின் அந்தச் சகோதரிக் கப்பலில் ஐந்து சுவர்களை பி தளம் வரை உயர்த்தினார்கள். அதே ஐந்தை இதிலும் உயர்த்தி, அதே துளைகளோடு மறுபடி விடப்போகிறேன். ஷீட் வெட்டியாயிற்று, சிலிகான் காய வேண்டும்.