கடல்காற்றும் தோல்வாத்தியமும்: புதுச்சேரி முத்தியால்பேட்டைக் கூடத்தின் பருவக் குறிப்புகள்

டிசம்பர் 8, 2024, ஞாயிறு

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து எட்டு நாள் ஆகிறது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை, நாங்கள் கச்சேரி வைக்கும் கூடத்தின் சுண்ணாம்புச் சுவருக்குள் இறங்கி, முழங்கால் உயரம் வரை இன்னும் சில்லென்று இருக்கிறது. கூடத்தில் ஈரப்பதம் காலையில் 91 சதவீதம். கதவு ஜன்னல் எல்லாம் திறந்து வைத்த பிறகு மதியம் 78. 7ஆம் தேதி நடக்க வேண்டிய முதல் கச்சேரி 14க்குத் தள்ளிப்போனது. சுண்ணாம்புச் சுவர் குடித்த தண்ணீரை மெதுவாகத்தான் விடும். ஹீட்டர் வைத்து அவசரப்படுத்தினால் பூச்சு உப்பி உதிரும். மின்விசிறி மட்டும் போதும், இரவும் பகலும் ஓடட்டும்.

கண்டென்சர் மைக் இரண்டில் பொரிகடலை வறுப்பது போலப் பொடபொடவென்ற சத்தம். உள்ளே இருக்கும் சவ்வில் ஈரம் படிந்தால் மின்னேற்றம் கசிந்து இப்படித்தான் பொரியும், மைக் பழுதில்லை. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு ஓர் இரவு மூடி வைத்தால் சரியாகிவிடும். ஜெல் நிறம் மாறிவிட்டால் தூக்கிப்போட வேண்டாம். இரும்புச் சட்டியில் சிறு தீயில் வறுத்தால் பழைய நிறம் திரும்பும், மறுபடி ஈரம் இழுக்கும்.

டிசம்பர் 14, சனி

வில்லுப்பாட்டு. நிகழ்ச்சிக்கு முன் காலிக் கூடத்தில் ஒரு கைதட்டு. சத்தம் அடங்க மூன்றரை விநாடி. கணக்கும் அதைத்தான் சொல்கிறது. கூடம் 12 மீட்டர் நீளம், 7 அகலம், 4.5 உயரம்; கன அளவு 378 கன மீட்டர். சபைன் சூத்திரப்படி 0.161ஐக் கன அளவால் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுக்க வேண்டும். வெறும் சுவரும் தரையும் 17 சதுர மீட்டர் அளவுக்குத்தான் உறிஞ்சும். 90 பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு 0.45 என்று வைத்து இன்னும் 40 சேரும். அடங்கும் நேரம் ஒரு விநாடிக்குச் சற்று மேல். கதை சொல்லுக்கு அது பொருந்தும். அதனால்தான் காலிக் கூடத்தில் செய்த சவுண்ட் செக்கை நம்பி மிக்சரில் எதையும் பூட்டி வைப்பதில்லை. முதல் பத்து நிமிடம் ஜனம் உட்கார்ந்த பிறகுதான் உண்மையான செக்.

ஐம்பது பேர்தான் வந்தால்? பின்சுவரில் நான்கு ஜமக்காளம், சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளித் தொங்கவிட வேண்டும். ஒட்டித் தொங்கவிட்டால் மேல்ஸ்தாயி மட்டும் மங்கும், குடத்தின் கும்மென்ற சத்தம் அப்படியே நிற்கும்.

டிசம்பர் 21, சனி

பறை, ஆறு பேர். கூடத்தில் வைக்கவே கூடாது, முற்றம்தான். ஆறு பறை ஒரு மூடிய அறையில் ஒலித்தால் முன்வரிசைக்குக் காது வலிக்கும், அடியும் எதிரொலியும் கலந்து சொற்கட்டு தெரியாது. மேலே வானம் திறந்திருந்தால் ஒவ்வோர் அடியும் தனித்தனியாக விழுகிறது. அடிக்குச்சியின் கனமும் சுண்டுக்குச்சியின் சுளீரும் பிரிந்து கேட்பதுதான் பறையின் அழகு.

மாலை ஆறரைக்கு 84 சதவீத ஈரம். தோல் தொய்ந்து, அடித்தால் அட்டைப்பெட்டி போல ஒலித்தது. வைக்கோல் தீயை இரும்புத் தட்டில் மூட்டி, பறையை ஒரு முழம் தள்ளிப் பிடித்துச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே இடத்தில் காட்டினால் அங்கே மட்டும் தோல் இறுகி விளிம்பில் கிழியும். மிஞ்சிக் காய்ந்தால் புளியங்கொட்டைப் பசை விட்டுவிடும். விரல் நுனியால் நடுவில் ஒரு தட்டு, விளிம்பில் ஒரு தட்டு. இரண்டும் கணீரென்று ஒன்றுபோலப் பேசினால் போதும். கடல்காற்று அடிக்கும் ராத்திரியில் அந்தச் சூடு கால் மணி நேரம் தாங்குகிறது. ஆகவே நிகழ்ச்சியையே பதினைந்து நிமிடத் துண்டுகளாக வைத்து, இடையில் மூவர் வாசிக்க மூவர் காய்ச்சுவது என்று முறை. காய்ச்சுவதை மறைவில் வைக்காமல் முற்றத்தின் ஓரத்திலேயே செய்யச் சொன்னது நல்லதாயிற்று. குழந்தைகள் கண் கொட்டாமல் பார்த்தார்கள். மரத்தூண் வீடு என்பதால் இரண்டு வாளி மணல், இரண்டு வாளித் தண்ணீர் பக்கத்திலேயே. வைக்கோல் மூன்று கட்டு செலவு.

ஜனவரி 4, 2025, சனி

நையாண்டி மேளம்: இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு. மைக் எதுவும் இல்லை. முதல் வரிசையை நான்கு மீட்டர் பின்னால் தள்ளினோம், ஏ.சி.யை அணைத்தோம் (நாதஸ்வரத்தின் ஊதும் நாக்கான சீவாளி வாயில் ஊறிப் பதம் வந்ததைக் குளிர்காற்று காய வைத்துவிடும்). வேறு வேலை இல்லை.

ஜனவரி 18, சனி

கோரா. மாலி, செனகல், காம்பியா, கினி நாடுகளின் வாத்தியம். பெரிய சுரைக்காயை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதிக்கு மாட்டுத்தோல் போர்த்தி, நீளமான கழுத்து செருகியது. 21 தந்திகள், இடது கைக்கு 11, வலது கைக்கு 10. இரண்டு கட்டைவிரல், இரண்டு ஆள்காட்டி விரல், அவ்வளவுதான் வாசிக்கும். தந்தி இப்போதெல்லாம் மீன்பிடி நைலான்.

தந்திப் பாலம் நேராகத் தோலின் மேல் நிற்கிறது. தோல் தொய்ந்தால் பாலம் இறங்கும், 21 தந்தியும் சேர்ந்து சுருதி இறங்கும். ஏ.சி. போட்டுத் தோல் காய்ந்தால் எல்லாம் சேர்ந்து ஏறும். ஆக, இந்த வாத்தியத்துக்கு ஈரப்பதம் குறைவாக இருப்பதைவிட மாறாமல் இருப்பதுதான் முக்கியம். நான்கு மணிக்கே ஏ.சி.யை 26இல் வைத்து, கதவை மூடி, ஈரம் 60க்கு வந்து நின்ற பிறகு ஐந்தரைக்குக் கோராக்காரர் சுருதி சேர்த்தார். ஏழு மணிக்கு ஜனம் உள்ளே வந்ததும் மூச்சுக்காற்றில் 66. எல்லாத் தந்தியும் இறங்கியது. இதற்கென்றே பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தோம். மறுபடி சேர்த்து ஏழு பத்துக்குத் தொடங்கினார். ஒதுக்காமல் விட்டிருந்தால் முதல் உருப்படி போயிருக்கும்.

பாதிக்குப் பிறகு கர்நாடக சங்கீதப் பாடகி ஒருவரோடு சேர்ந்து. கோரா எஃப் சுருதி, அதாவது நம் கணக்கில் நான்கு கட்டை. பாடுகிறவருக்கு ஒரு கட்டை என்றார்கள். இது ஒத்துவராது என்று தோன்றும். ஆனால் நான்கு கட்டையின் பஞ்சமம்தான் ஒரு கட்டையின் ஷட்ஜம். கோராவில் ‘சிலாபா’ என்ற சுருதிமுறை நம் சங்கராபரணத்துக்கு அருகில் வருவது. அதன் பஞ்சமத்தை ஆதாரமாகப் பிடித்துப் பாடினால் ஹரிகாம்போஜி. ‘சௌதா’ முறையில் நான்காம் சுரம் ஏறி, பிரதி மத்யமமாகி, கல்யாணி போல இருக்கும். அதன் பஞ்சமத்திலிருந்து பாடினால் சங்கராபரணம். கிரகபேதம் (ஷட்ஜத்தை இடம் மாற்றினால் ராகம் மாறுவது) தெரிந்த காதுக்கு இது ஆச்சரியமில்லை, ஆனால் கோராக்காரரும் பாடகியும் ஒரே தந்தி வரிசையை இரண்டு வேறு ஷட்ஜத்தோடு கேட்டு நடந்ததைக் கேட்டது பெரும் பாக்கியம். ஒரே எச்சரிக்கை: தம்புராப் பெட்டியை ஒரு கட்டையில் உரக்க வைக்கக் கூடாது. கோரா தன் ஆதாரத்தில் வந்து நிற்கும்போது இரண்டும் மோதும். கேட்டும் கேட்காமலும் வைத்தோம்.

கோராவின் அதிர்வை ஒலிச் சிக்னலாக்கும் பிக்கப்பில் கர்ரென்று ஹம். விளக்கு டிம்மரும் சவுண்டும் ஒரே லைனில் இருந்தன. பிரித்ததும் பாதி போனது. மீதிக்கு, வாத்தியத்தை மிக்சரோடு இணைக்கும் டி.ஐ. பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் (சிக்னல் வயரின் கிரவுண்டை மட்டும் பிரிக்கும் சுவிட்ச்). எர்த் பின்னை உடைத்து ஹம்மை நிறுத்துவது இங்கே பல இடங்களில் வழக்கம். உயிரைப் பறிக்கும் வழக்கம் அது, வேண்டவே வேண்டாம்.

பிப்ரவரி 1, சனி

தெருக்கூத்து, கடலூர் பக்கத்துக் குழு. ஊரில் விடிய விடிய நடப்பதை இங்கே நான்கு மணி நேரத்தில் நிறுத்த வேண்டியிருக்கிறது. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு விதி. ஐந்தரைக்குத் திரை பிடித்தால்தான் ஒன்பதரைக்கு முடியும். அப்படியென்றால் வேஷம் கட்ட இரண்டு மணிக்கே ஆட்கள் உட்கார வேண்டும். அரிதாரத்துக்கு வடக்கு ஜன்னல் ஓரம், நல்ல வெளிச்சம், இரண்டு கண்ணாடி.

கதையைச் சுருக்கும்போது கட்டியங்காரன் பகுதியை வெட்டுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. அது தவறு. ஊருக்கும் கதைக்கும் நடுவே நிற்கிறவன் அவன். அவன் போனால் மீதி வெறும் பாட்டு. பாத்திரங்கள் மாறி மாறி வாதிடும் தர்க்கப் பாட்டில் திரும்ப வரும் அடிகளைக் குறைக்கச் சொல்லலாம், அதையும் வாத்தியாரே முடிவு செய்ய வேண்டும்.

மேடைப் பலகை போடவில்லை. சலங்கைக் காலால் மிதிக்கும்போது உள்ளே வெற்றிடமுள்ள பலகை குதித்து மைக் ஸ்டாண்டுக்கு அதிர்வு ஏறும். தரையிலேயே ஆட்டம், சுழல ஐந்து மீட்டர் சதுரம். ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை (சிறு நாதஸ்வரம் போன்ற ஊதுகருவி), தாளம் பின்பெஞ்சில். முகவீணைக்கு மைக் கிடையாது. சட்டைக்காலர் மைக்கும் வேண்டாம். தோளில் கட்டும் புஜக்கட்டை உரசி உரசிக் கரகரக்கும். முன்னால் தரையோடு இரண்டு மைக், அவ்வளவே.

பிப்ரவரி 15, சனி

ரீயூனியன் தீவின் மலோயா. 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இசை. 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழர்களின் வழிவந்தவர்களை அங்கே ‘மலபார்’ என்கிறார்கள். ஆகவே இந்த ஊரில் இந்த நிகழ்ச்சிக்கு ஒரு தனி நெருக்கம்.

கயாம்பு: கரும்புப் பூத்தண்டுகளை வரிசையாகக் கட்டிய தட்டு, உள்ளே விதைகள், இரண்டு கையாலும் ஆட்டுவது. மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடை ஊறிப்போனவர்களுக்கு அந்த ஆறு எண்ணிக்கை உடனே பிடிபடும். பக்கத்தில் மைக் வைத்தால் மழைக்கூரைச் சத்தமாகிவிடும். ஒரு மீட்டர் மேலே ஒன்று போதும். ரூலேர் என்ற பெரிய பீப்பாய் மத்தளத்தின் மேல் ஏறி உட்கார்ந்து வாசிக்கிறார்கள். முதலில் மூலையில் வைத்தோம், சுவர்கள் கீழ்ஸ்தாயியைப் பெருக்கிப் பாட்டையே விழுங்கின. இரண்டு மீட்டர் முன்னால் இழுத்ததும் ஒழுங்குக்கு வந்தது. மிக்சரில் கை வைக்கவே இல்லை.

மார்ச் 2, ஞாயிறு

நேற்றோடு பருவம் முடிந்தது. 12ஆம் தேதி மாசி மகம். வைத்திக்குப்பம் கடற்கரைக்கு உற்சவ மூர்த்திகள் வரத் தொடங்கினால் தெருவில் வண்டி நுழையாது.

மைக் வலைத்தொப்பிகளைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காய வைத்தாயிற்று. உப்புக்காற்று பட்டது பட்டபடி விட்டால் அடுத்த பருவத்துக்குள் துரு. புயலில் உப்பிய கீழ்ச்சுவரை ஏப்ரல் வெயிலில் காய்ந்த பிறகு கொத்தி, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், கடுக்காய்த் தண்ணீர் விட்டுப் பூச வேண்டும். கொத்தனார் சிமென்ட் பூசலாம் என்கிறார். சிமென்ட் ஈரத்தை உள்ளேயே அடைக்கும், அது மேலேறி உத்தரத்துக்குப் போகும். மேலே வெள்ளைச் சுண்ணாம்பு மட்டும், பிளாஸ்டிக் பெயின்ட் கூடாது.