நிற்கிற தண்ணீர், தேங்குகிற தண்ணீர்

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. அதன்பின் எங்கள் ஊர்ப் பக்கம் விழுந்த தென்னைகளைத் தோப்பு தோப்பாக நடந்து எண்ணினார்கள். அந்த நாட்களில்தான் இந்த வேலைக்கு வரவேண்டும் என்று முடிவெடுத்தேன். சில வருடங்கள் கழித்து நான்கு பேர் சேர்ந்து மன்னார்குடியில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்தோம். செயற்கைக்கோள் தரவை வைத்து, எந்த ஊரில் எவ்வளவு சம்பா நெல் மூழ்கியது என்று சொல்லும் நிறுவனம் எங்களுடையது.

தரவு கையில் இருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் காவிரி டெல்டாவுக்கு மேலே மேகம் மூடிவிடும், சாதாரணப் படத்தில் ஒன்றும் தெரியாது. ஐரோப்பிய விண்வெளி முகமை 2014 முதல் இயக்கிவரும் சென்டினல்-1 செயற்கைக்கோளில் இருப்பது ரேடார் என்பதால் மேகம் அதற்குத் தடையில்லை. 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு வரும், படத்துக்குக் காசு கிடையாது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு புவியிடத் தரவு விதிகளைத் தளர்த்தியதும், எங்களைப் போன்ற சிறிய நிறுவனங்கள் முன் அனுமதிக்கு அலையாமல் நிலத்தை அளக்கவும் வழி பிறந்தது.

அசையாத நீர்ப்பரப்பில் ரேடார் அலை பட்டால் கண்ணாடியில் பட்டதுபோல வேறு பக்கம் தெறித்துப் போய்விடும். திரும்பி வராததால் அந்த இடம் படத்தில் கருப்பாக விழும். முதல் மழைக்காலத்தில், கருப்பாக இருந்த வயல்களை எல்லாம் சிவப்பு அடித்து 'பாதிப்பு' என்று எழுதினோம். சரிபார்க்கத் தலைஞாயிறு பக்கம் ஓர் ஊருக்குப் போனோம். மடிக்கணினியைப் பார்த்த பெரியவர் ஒருவர் சிவப்பு வயல் ஒன்றைக் காட்டிச் சொன்னார்: "தம்பி, இது தாளடி. நட்டு நாலு நாளுதான் ஆவுது. நாங்க கட்டுன தண்ணில்ல இது?" குறுவை அறுத்தபின் நடும் அடுத்த நெல்தான் தாளடி.

அவரே எங்களை வாய்க்கால் கரையோடு அழைத்துக்கொண்டு போனார். தாழ்வான பக்கத்தில், ஐம்பது நாள் சம்பாவில் தோகை நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. எங்கள் வரைபடத்தில் அந்த வயல் நன்றாக இருந்தது! தண்ணீரில் பட்ட அலை பயிரின் தண்டிலும் பட்டுத் திரும்பி வந்தால், அந்த இடம் கருப்பாவதற்குப் பதில் இன்னும் வெளிச்சமாகத் தெரியும். செத்துக்கொண்டிருந்த பயிரை நாங்கள் செழிப்பு என்று குறித்திருந்தோம். அந்த வயல்காரர் கரையில்தான் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்து என்னால் பேச முடியவில்லை.

"தண்ணி நிக்கிறது வேற, தேங்குறது வேற. எத்தன நாள்ல வடியும்னு ஒங்க படம் சொல்லுமா?" என்றார் பெரியவர்.

எங்கள் தொழிலின் கேள்வியே அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். முழுக்க மூழ்கிய நெல் ஒரு வாரம், பத்து நாள் தாங்குவதே பெரிது. சிஆர் 1009 சப் 1 போன்ற வெள்ளம் தாங்கும் ரகம் என்றால் இன்னும் சில நாள் கூடும். ஆகவே மூழ்கிய பரப்பை விட மூழ்கிய நாட்கள்தான் முக்கியம். 12 நாளுக்கு ஒரு படம் அதற்குப் போதாது.

நிலத்தின் உயரம் தெரிந்தால் வடிவதைக் கணக்கிடலாம் என்று அடுத்து முயன்றோம். நாங்கள் எடுத்துக்கொண்டது 2000-ஆம் ஆண்டு விண்வெளி ஓடத்திலிருந்து அளந்த, எல்லோருக்கும் கிடைக்கும் உயரத் தரவு. அதில் சில மீட்டர் பிழை சாதாரணம். மலை நாட்டில் அது பெரிதில்லை. ஆனால் கீழ் டெல்டாவில் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு முழம் சரிவு இருந்தாலே அதிகம். மூங்கில் கொத்தும் தென்னந்தோப்பும் மேடாகப் பதிவாகியிருந்தன. கணினி போட்ட வடிகால் கோடுகளில் பாதி மேற்கே, கடலுக்கு எதிர்த் திசையில் போயின.

சரி, நடந்தே அளந்துவிடுவோம் என்று கோடையில் நிலத்தின் உயர வித்தியாசத்தை அளக்கும் லெவல் கருவியும் அளவுக் கம்பும் எடுத்துக்கொண்டு இறங்கினோம். இரண்டு மாதம். பாசன வாய்க்காலுக்கு அரசு வரைபடத்தில் பேர் இருக்கிறது, ஏ, பி என்று பிரிவு இருக்கிறது. சின்ன வடிகால்களின் பேர் பல இடங்களில் ஊர்க்காரர்களின் வாயில் மட்டும்தான் இருந்தது. எந்த மதகின் பலகை உளுத்துப்போயிற்று என்று மதகுகளைத் திறந்து மூடும் பாசன ஊழியரான லஸ்கர் ஒருவர் மனப்பாடமாகச் சொன்னார். வடிகாலை விடச் சாலைப்பாலத்தின் குழாய் உயரமாக இருந்த இடங்களைக் கண்டோம். ஆகாயத்தாமரை மூடிய இடம் செயற்கைக்கோள் படத்தில் வயலைப் போலப் பச்சையாக இருக்கும், கிட்டப் போனால்தான் வடிகால் அடைபட்டிருப்பது தெரியும். அமாவாசை, பௌர்ணமியில் கடல் ஓதம் ஏறினால் முகத்துவாரத்தில் தண்ணீர் நகராது என்பதையும் அங்கேதான் கேட்டு எழுதிக்கொண்டோம்.

பயிர்க் காப்பீட்டில் பெரும்பாலும் கிராமத்துச் சராசரி மகசூலை வைத்துத்தான் இழப்பைக் கணக்கிடுகிறார்கள். மேட்டு வயல்காரர் தப்பித்தால், பள்ளத்து வயல்காரர் மூன்று மா (ஏறக்குறைய ஓர் ஏக்கர்) முழுவதையும் இழந்தாலும் சராசரியில் காணாமல் போகிறார். எங்கள் வரைபடம் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போவதற்கு முன்னால் இந்த ஆளுக்குப் பயன்படவேண்டும் என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன். கூட்டாளிகளோடு இதில் சண்டையே வந்திருக்கிறது. முதலீட்டாளர்கள் கேட்பது 'எத்தனை லட்சம் ஏக்கர்' என்றுதான். நாங்கள் இன்னும் சில வடிகால்களை விட்டு வெளியே வரவில்லை.

இப்போது எங்கள் வரைபடத்தில் 'வடிய எத்தனை நாள்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பாதி கணக்கில் வருகிறது, பாதி தொலைபேசியில் வருகிறது. போன கார்த்திகையில் மழை விட்ட மூன்றாம் நாள் காலை, அந்தப் பெரியவரிடமிருந்து அழைப்பு வந்தது.

"தம்பி, தெக்கு வடிகால்ல பனங்கட்டை தெரியுது. ஒரு சாண் எறங்கியிருக்கு. எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதிட்டேன் ஐயா."

"வடக்க இன்னும் எறங்கல. ஆளு அனுப்புங்க."