மேட்டுக்காட்டுப் பழம்

தேனி மாவட்டத்தில், கூடலூரிலிருந்து கம்பம் போகும் வழியில், மலையடிவாரத்தை ஒட்டி ஒரு பன்னீர் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. மொத்தம் 3 ஏக்கர். நான் வேலை பார்த்த சின்ன ஒயின் ஆலைக்கு 7 வருடம் அங்கிருந்து பழம் வந்தது. தோட்டம் தோட்டமாகப் போய்ப் பழம் பார்ப்பதும், ஆய்வகத்தில் சர்க்கரையும் புளிப்பும் அளப்பதும் என் வேலை. பள்ளத்தாக்கில் எத்தனையோ பந்தலுக்கு அடியில் குனிந்து நடந்திருக்கிறேன். ஒயின் எங்கே உருவாகிறது என்று எனக்குப் புரிய வைத்தது அந்த ஒரு தோட்டம்தான்.

அது சரிவான நிலம். மேல் பாதி செம்மண்ணும் சரளையும். மண்வெட்டி போட்டால் கல்லில் படும். கீழ்ப் பாதி வாய்க்காலை ஒட்டிய கனத்த களிமண், வரப்புக்கு அந்தப் பக்கம் நெல் வயல். 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வருவதால் கீழே மண் காய்வதே அபூர்வம். தோட்டக்கார ஐயா மேலே இருப்பதை மேட்டுக்காடு என்பார், கீழே இருப்பதைப் பள்ளக்காடு என்பார். இரண்டிலும் ஒரே ரகக் கொடி, ஒரே வயசு, ஒரே நாளில் கவாத்து, ஒரே உரம். அதனால் முதல் இரண்டு வருடம் எனக்கும் அது ஒரே தோட்டம்தான்.

மூன்றாவது வருடம் அறுப்புக்கு ஆள் கிடைக்கவில்லை. விடியற்காலையிலேயே ஜீப் ஜீப்பாக ஆட்கள் கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். இருந்த நாலு பேரை வைத்து முதல் நாள் மேட்டுக்காட்டை மட்டும் அறுத்தோம். பள்ளக்காட்டுக்கு மூன்று நாள் கழித்துத்தான் ஆள் வந்தது. அப்படித்தான் முதன்முதலாக இரண்டு பழமும் தனித்தனியாக என் மேசைக்கு வந்தன. மேட்டுக்காட்டுச் சாறு 21 பிரிக்ஸ் காட்டியது; சாற்றில் சர்க்கரை எவ்வளவு என்று சொல்லும் அளவு அது. மூன்று நாள் கூடுதலாகக் கொடியில் நின்றும் பள்ளக்காட்டுச் சாறு 16-ஐத் தாண்டவில்லை. கருவியில்தான் கோளாறு என்று நினைத்து, கண்ணாடியைத் துடைத்து, தண்ணீர் விட்டுப் பூஜ்யம் பார்த்து, மறுபடி அளந்தேன். அதே கணக்குதான் வந்தது.

அப்புறம் நான் செய்தது இன்றைக்கும் உறுத்துகிறது. காலியாக இருந்தது ஒரே டேங்க். முதலில் வந்த சாறு அதில் நொதிக்க ஆரம்பித்திருந்தது. இரண்டாவது லோடையும் அதிலேயே கொட்டச் சொன்னேன். ஆசைக்காக ஒவ்வொன்றிலும் 20 லிட்டர் மட்டும் தனி ஜாடியில் எடுத்து வைத்திருந்தேன். இரண்டு மாதம் கழித்து ஜாடிகளைத் திறந்தபோதுதான் என்ன செய்திருக்கிறேன் என்று தெரிந்தது. பள்ளக்காட்டு ஒயின் வெளிறிய ரோஜா நிறத்தில், வாயில் வைத்ததும் தண்ணீராக ஓடியது. மேட்டுக்காட்டு ஒயினில் கருஞ்சிவப்பு இருந்தது, நாக்கின் ஓரத்தில் இலேசான துவர்ப்பு இருந்தது, விழுங்கிய பிறகும் பன்னீர் வாசம் நின்றது. டேங்கில் இருந்தது இரண்டும் இல்லை. நல்லதைக் கொட்டி நான் சுமாரானதைச் செய்திருந்தேன்.

காரணம் தேடிப் படித்தேன், கொடிகளையும் மறுபடி போய்ப் பார்த்தேன். பன்னீர் திராட்சையின் சதைச் சாற்றில் நிறம் கிடையாது. சிவப்பு முழுக்கத் தோலில் இருக்கிறது. வாசத்தில் பெரும்பங்கும் தோலிலும் அதை ஒட்டிய சதையிலும்தான். பழம் சின்னதாக இருந்தால் சாற்றுக்குத் தோல் அதிகம் கிடைக்கும். பழம் ஊதிவிட்டால் அதே தோல் நிறையத் தண்ணீருக்கு நிறம் கொடுக்க வேண்டும். மேட்டுக்காட்டில் காய் நிறம் மாறும் சமயம் சரளை மண் காய்ந்துவிடும். கொழுந்து நீளுவது நிற்கும், இலை செய்யும் சர்க்கரை பழத்துக்குப் போகும். பள்ளக்காட்டில் அறுப்பு வரைக்கும் கொழுந்து ஓடிக்கொண்டே இருக்கும். பந்தல் அடைத்துக்கொள்ளும், கொத்து நிழலில் தொங்கும். இரவில் மலையிலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்குவதால் காலை வெகுநேரம் இலையில் பனி நிற்கும். அடிச்சாம்பல் நோய்க்கு அது போதும்.

ஆலைக்கு வருகிறவர்கள், இந்த மண்ணின் ருசி ஒயினில் இறங்குமா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொன்னால் சந்தோஷப்படுவார்கள். ஆனால் செம்மண்ணோ கல்லோ வேர் வழியாக ஏறிப் பழத்தில் ருசியாக நிற்பதில்லை. கரைந்த உப்புகள் ஏறும், ஆனால் கல்லின் ருசி என்று நாக்கு சொல்லும் அளவுக்கு இல்லை. மண் முக்கியமாகச் செய்வது தண்ணீரை அளந்து கொடுப்பது. எப்போது கொடுக்கிறது, எப்போது கையை மூடிக்கொள்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஜெரார் செகுவன் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் போர்தோ பகுதித் தோட்டங்களை ஆராய்ந்து இதைத்தான் எடுத்துக்காட்டினார். அங்கே பெத்ரூஸ் என்ற பெயர்பெற்ற தோட்டம் களிமண்ணில்தான் இருக்கிறது. அது ஈரத்தில் உப்பி இறுகும் களி, கொடிக்குத் தண்ணீரைச் சிக்கனமாகவே விடும். களி என்றாலே மோசம் என்று நான் வைத்திருந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டேன். பள்ளக்காட்டின் சிக்கல் வாய்க்கால் வற்றாததுதான்.

பிரான்சிலேயே பர்கண்டி என்ற பகுதியில் க்ளோ த வூஜோ என்று ஒரு தோட்டம் உண்டு. துறவிகள் மதில் கட்டி வளைத்த நிலம், சுமார் 50 ஹெக்டேர், இன்றைக்கு ஏறக்குறைய 80 பேருக்குச் சொந்தம். மேல் பக்கம் சுண்ணாம்புக் கல், தண்ணீர் வடியும். கீழ்ப் பக்கம் சாலையோரம் களி, ஈரம் நிற்கும். ஒரே மதிலுக்குள் மேலே விளைந்ததும் கீழே விளைந்ததும் ஒன்றில்லை என்று அங்கே காலம் காலமாகச் சொல்கிறார்கள். அதைப் படித்தபோது கூடலூர் ஐயாவின் வரப்பில் நிற்பது போலவே இருந்தது.

ஒரு வித்தியாசமும் உண்டு. பர்கண்டியில் கொடி குளிர்காலம் முழுக்கத் தூங்கும், வருடத்துக்கு ஒரே அறுப்பு. இங்கே கொடி தூங்குவதில்லை. கவாத்து அடித்து ஏறக்குறைய நாலு மாதத்தில் பழம் வந்துவிடும், வருடத்துக்கு இரண்டு போகமாவது உண்டு. மாசியில் பழுத்தது ஒரு விதம். கேரளப் பக்கம் மழை கொட்டி, கணவாய் வழியாகச் சாரலும் பேய்க்காற்றுமாக வரும் ஆடியில் பழுத்தது வேறு விதம். நிலத்தின் குணத்தை ஒரே போகத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது. பன்னீர் திராட்சை அடிப்படையில் சாப்பிடும் பழம், கனமான சிவப்பு ஒயினுக்குப் பேர் போன ரகமும் இல்லை. அப்படிப்பட்ட பழத்திலேயே 3 ஏக்கருக்குள் இவ்வளவு வித்தியாசம் தெரிகிறது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

சரி, தெரிந்த பிறகு என்ன செய்வது? அங்கேதான் கஷ்டம். ஆலை கிலோவுக்குக் காசு கொடுத்தது. அறுப்புக்கு முந்தின வாரம் ஒரு தண்ணீர் விட்டால் பழம் எடை கூடும். "எடைக்குத்தானே காசு தம்பி. தண்ணி விடாதேன்னா எனக்கு என்ன மிஞ்சும்?" என்று ஐயா கேட்டார். அதில் பேராசை எதுவும் இல்லை. மேட்டுக்காட்டில் ஏற்கனவே விளைச்சல் பாதி. நல்ல பழம் விளைவிப்பவருக்கு நஷ்டம், தண்ணீர்ப் பழம் விளைவிப்பவருக்கு லாபம் என்ற கணக்கைப் போட்டது நாங்கள். அதை மாற்றச் சொல்லி இரண்டு வருடம் ஆலையில் பேசினேன். கடைசியில் மேட்டுக்காட்டுக்கு மட்டும் ஏக்கர் கணக்கில் விலை பேச ஒத்துக்கொண்டார்கள். பள்ளக்காட்டுப் பழம் கம்பத்துக்கு வரும் கேரள வியாபாரிகளுக்குப் போனது. பார்க்கப் பெரிசாக, பளபளவென்று இருக்கும் அந்தப் பழத்துக்கு அதுதான் சரியான இடம்.

அடுத்த அறுப்பில் மேட்டுக்காட்டுப் பழம் தனி டேங்குக்குப் போனது. தோல் மேலே மிதந்து கெட்டியாகும்போதெல்லாம் நானே அமுக்கி விட்டேன், ராத்திரியும் ஒரு தடவை. ஒயின் தெளிந்ததும் ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு, பழைய பள்ளக்காட்டு ஜாடியில் மிச்சமிருந்ததையும் ஒரு சீசாவில் ஊற்றிக்கொண்டு, தோட்டத்துக்குப் போனேன். ஐயா குடிக்கிறவர் இல்லை. இரண்டு டம்ளரில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றி, எது எது என்று சொல்லாமல் நீட்டினேன். முகர்ந்து பார்த்தார். ஒன்றைத் திண்ணையில் வைத்துவிட்டார். இன்னொன்றை மறுபடி மூக்குக்கிட்ட கொண்டுபோனார்.

"இது மேட்டுக்காடு" என்றார். "மத்தியானம் பந்தலுக்குள்ள நின்னா இதே வாசம்தான் வரும்."

டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு எழுந்து, வரப்பு வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். செம்மண் முடிந்து களி தொடங்கும் இடத்தில், பந்தல் கல்தூணில் எந்த வரிசை வரைக்கும் அடையாளம் போடலாம் என்று கேட்டார். இருட்டும் வரைக்கும் இரண்டு பேரும் மண்ணைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தபடி நடந்தோம். பதினோராவது தூணில் சுண்ணாம்பு அடித்தோம்.